ஓவர்லாக் மிஷினுக்குத் தூரம்

ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீக்கு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், தெய்வானையின் ஓவர்லாக் மிஷினுக்குத் தூரம் ஆனது. அவள் கைக்குழந்தைச் சட்டைகளுக்குக் கை மூட்டிக்கொண்டிருந்தாள். பால் வெள்ளைத் துணி. அதில் மிளகளவு சிவப்பு பட்டதும், ஊசிதான் விரலில் ஏறிவிட்டது என்று நினைத்துப் பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விரலில் ஒன்றுமில்லை. அடுத்த பீஸிலும் பட்டது, அதற்கடுத்ததிலும் பட்டது. எண்ணெய் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக மிஷின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதில் எட்டிப் பார்த்தால் உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பெடலை மிதித்தாள். மிஷின் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுபோனது. அது என்ன முனகல் என்று பெண்ணாய்ப் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெய்வானை யாரையும் கூப்பிடவில்லை. காலடியில் கிடந்த கட்டிங் வேஸ்ட்டில் மெத்தென்ற துண்டாகப் பார்த்து எடுத்து, நாலாக மடித்து, மிஷினுக்கு அடியில் செருகிவிட்ட பிறகுதான் சூப்பர்வைசருக்குக் கை காட்டினாள்.

சூப்பர்வைசர் தனசேகர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வந்து சேர்வதற்குள் பக்கத்து மிஷினுக்கும் ஆகிவிட்டது, மத்தியானச் சோற்றுக்குள் அந்த வரிசை முழுக்க ஆகிவிட்டது, ஒரே வீட்டில் இருக்கும் அக்கா தங்கைகளுக்கு ஒருத்தியைத் தொட்டு ஒருத்திக்கு வந்துவிடுவது போல. மெக்கானிக் அழகேசன் ஒவ்வொன்றாகக் கழற்றினான், மண்ணெண்ணெயில் கழுவினான், புது எண்ணெய் ஊற்றினான், எண்ணெய் சிவந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தான். அவனுக்கும் வீட்டில் பெண்டாட்டியும் இரண்டு தங்கைகளும் உண்டு. கையைத் துடைத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்று, இது ரிப்பேர் இல்லீங், இதுக்கு ஸ்பேனர் கிடையாதுங் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு மட்டும் பிள்ளையார் இருக்கிற வாசல்வழியாகப் போகாமல் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

கம்பெனி முதலாளி சென்னியப்பன் டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்து, டைலராகி, கம்பெனி வைத்தவர். அப்படி வந்தவர் என்பதாலேயே மற்றவர்கள் களைத்துப்போவதை அவர் நம்புவதில்லை. நானெல்லாம் நிக்காம ஓடி வந்தவன் என்பார், ஓடி வந்தபோது அவருக்கு வயிற்றில் மாதாமாதம் யாரும் கத்தி சுழற்றவில்லை என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தார். வந்து, குனிந்து, மிஷினுக்கு அடியில் கையை விட்டார். கை சிவந்தது. பின்னாலேயே வந்திருந்த அவருடைய மனைவி அமராவதி ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, தொடாதீங், தூரமாயிருக்குது, போய்த் தலைக்கு ஊத்துங்க என்றாள். வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையோடு அவர் போர்வெல் குழாய்க்கு அடியில் போய் நின்றதை மொத்தக் கம்பெனியும் ஜன்னல் வழியாகப் பார்த்தது.

மூன்றாம் நாள் மாலை மிஷின்கள் தாமாகவே தெளிந்தன. நாலாம் நாள் காலையில் பெடலில் கால் வைத்ததும் ஓடின, வாங்கின புதிதில்கூட அப்படி ஓடியதில்லை. கார்த்திகையில் மறுபடியும் ஆனது, மார்கழியில் மறுபடியும் ஆனது. கழுவிவிட்ட தண்ணீர் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போனது. ஆறு ஒரு நாள் நீலமாகவும் ஒரு நாள் பச்சையாகவும் சாயத்தண்ணி ஓடுகிற ஆறுதான் என்பதால், அது சிவந்ததை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

ஊர் பழகிக்கொள்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பண்டிகை வந்தால் போதும். கம்பெனி வாசல் பிள்ளையாருக்குப் பூசை செய்கிற பண்டாரம் வந்து, பிள்ளையார் இருக்கிற கூரைக்குள் தீட்டோடு மிஷினை வைத்திருந்தால் கம்பெனி விளங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். பின்பக்கம் உடைந்த அட்டைப்பெட்டிகள் கிடந்த இடத்தில் ஒரு கொட்டகை எழும்பியது. தகரக் கூரை சுடும் என்று அதற்குக் கீழே தெர்மாகோல் அடித்தார்கள், சிமெண்ட் தரை வழவழப்பாகப் போட்டார்கள், கொசுவலை வைத்த ஜன்னல், மேலே வரிசையாக ஃபேன். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்கவில்லை. மிஷின் எழுந்து வந்து தாழ்போடவா போகிறது என்று ஆசாரி விட்டுவிட்டான். தீட்டான மிஷினை ஆண்கள் தொடக்கூடாது என்பதால் அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைப்பதும், தெளிந்த பிறகு மஞ்சள் தண்ணி தெளித்துத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் பொருத்துவதும் பெண்கள் வேலையாயிற்று. சொந்த இடுப்பு வலியோடு எத்தனை பேர் தூக்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

தை மாதம் புதிதாக வாங்கிய மிஷின் ஒன்றுக்கு முதல்முறையாக ஆனபோது அமராவதி சும்மா விடலாமா என்றாள். பெண் பெரியவளானால் செய்கிற தெரட்டிச் சீர் வைத்தார்கள். கம்பெனி வாசலில் பிளக்ஸ் வைத்தார்கள், பிளக்ஸில் மிஷினுக்கு ரோஜாப்பூ மாலை. மிஷின் விற்ற டீலர் தாய்மாமன் முறைக்குப் பச்சைப் பட்டும் வளையலும் சீர்த்தட்டில் வைத்து, மேளம் வைத்து வந்து இறங்கினார். எண்ணெய் ஊற்றுகிற துளையில் செக்கு நல்லெண்ணெய் ஊற்றினார்கள். உளுந்தங்களி கிண்டி மிஷின் தலையில் ஒரு உருண்டை வைத்துவிட்டு மீதியை வந்தவர்கள் தின்றார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் மொய் எழுதியதோடு தங்கள் மிஷினுக்கு எப்போது ஆகும் என்று நாள் பார்த்துச் சொல்லச் சொல்லிப் பண்டாரத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்கூட வந்து, கொட்டகையைச் சுற்றிப் பார்த்து, இவ்வளவு அக்கறையாக மிஷினைப் பார்த்துக்கொள்கிற கம்பெனியை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று சென்னியப்பனின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அன்றைக்கு ஆரத்தி எடுக்க நிறுத்தப்பட்ட பெண்களில் தெய்வானையும் ஒருத்தி. சிவந்த தண்ணீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு, அந்தத் தட்டை யார் தலையில் கவிழ்க்கலாம் என்பதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை.

காரணம் அவளுடைய மகள் மோகனா. மோகனா பன்னிரண்டாவது முடித்த கையோடு அதே வரிசையில், அம்மாவுக்கு எதிர் மிஷினில் உட்கார்ந்தவள். முதல் மாதமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது தனசேகர் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் டப்பாவை எடுத்தான். அந்த டப்பா எல்லாக் கம்பெனியிலும் ஏதோ ஒரு சட்டைப் பையில் இருந்தது. அதில் பேர் கிடையாது, தேதி கிடையாது, வெள்ளை மாத்திரை மட்டும்தான். போட்டால் கால் மணியில் வலி போய்விடும், போட்டவள் பெடலுக்குத் திரும்பிவிடுவாள். அன்றைக்கு அந்த மாத்திரையை மகளின் உள்ளங்கையில் வைத்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீரும் கொடுத்தவள் தெய்வானைதான். அவளும் போட்டவள், வரிசையில் எல்லாரும் போட்டவர்கள், சோற்றுக்கு ஊறுகாய் மாதிரி அது பழகிப்போயிருந்தது. கொஞ்ச நாளில் வலி மட்டும் அல்ல, வரவேண்டியதும் வராமல் போயிற்று. ஒருத்திக்கு நின்றது, இன்னொருத்திக்கு நின்றது, மோகனாவுக்கு அடியோடு நின்றது. தொல்லை விட்டது என்று முதலில் சிரித்தார்கள். பிறகு மோகனாவின் முகம் வெளுத்தது, கால் வீங்கியது, படி ஏறினால் கண் இருட்டியது, ராத்திரியில் அடிவயிற்றில் கல்லை வைத்த மாதிரி இருக்குது என்று அழுதாள். தெய்வானை ஊரில் உள்ள சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டாள். மாத்திரையை நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நிறுத்தினால் லீவு வேண்டும், லீவு கேட்டவள் அந்த வரிசைக்குத் திரும்பி வந்த கதை கிடையாது.

மிஷின்கள் கொட்டகையில் ஃபேன் காற்று வாங்குகிற மூன்று நாளும் பெண்களுக்கு வேலை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மிஷின்தானே ஓய்வில் இருக்குது, நீங்க சும்மாதானே இருக்கீங்க என்று அவர்களைக் கூட்டமாக உட்கார வைத்துப் பிசிறு வெட்டச் சொன்னார்கள், பெட்டி தூக்கச் சொன்னார்கள். மிஷின் திரும்பி வந்ததும், நின்றுபோன நாளை ஈடுகட்ட ஒன்றரை ஷிப்ட் பார்க்கச் சொன்னார்கள். அடுத்த ஜென்மத்துல மிஷினாப் பொறக்கணும்க்கா என்று ஒரு பெண் பிசிறு வெட்டிக்கொண்டே விளையாட்டாகச் சொன்னாள். தெய்வானை அவளை முறைத்த முறைப்பில் அந்தப் பெண் கத்தரியைக் கீழே போட்டுவிட்டாள்.

தை கடைசியில் மோகனா மிஷின் தூக்கும்போது கொட்டகை வாசலில் விழுந்தாள். பெண்கள் அவளைத் தூக்குவதற்கு முன்னால், மிஷின் ஒடைஞ்சிருச்சா பாருங்க என்று தனசேகரின் குரல்தான் முதலில் கேட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா மோகனாவின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெய்வானையைத்தான் திட்டினாள். பேர் இல்லாத மாத்திரையைப் பெற்ற மகளுக்குக் கொடுப்பாயா என்றாள். இன்னொரு மாத்திரை உள்ளே போகக் கூடாது, படுக்கப் போடு, உடம்புக்கென்று ஒரு முறை இருக்கிறது, அது வரும்போது வரவிட்டு ஓயும்போது ஓயவிட வேண்டும், அதைக் கட்டிப்போட்டால் அது எங்கேயாவது போய் முட்டிக்கொண்டு வெளியே வரும், இந்தப் பெண் இப்படியே போனால் தாங்க மாட்டாள் என்றாள். தெய்வானை தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அது எங்கே போய் முட்டிக்கொண்டது என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அவள் மிஷினுக்கு அடியில் துணி மடித்து வைத்துப் பார்த்துக்கொண்டதெல்லாம் அவளுடையதுதான், எதிர் மிஷினில் ஓடினது மோகனாவுடையதுதான்.

லீவு கேட்டுப் போய் நின்றாள். சென்னியப்பன் கோபப்படவில்லை. நியாயமான குரலில், ஏனம்மிணி, மிஷினே மாசம் மூணு நாள் நிக்குது, ஆளும் நின்னா கம்பெனி என்னாகறது, நீயே சொல்லு என்று கேட்டார். மாசி ஷிப்மென்ட் போகட்டும், பார்க்கலாம் என்றார். மோகனாவைப் படுக்கையிலிருந்து எழுப்பி வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது தெய்வானை வழி நெடுகப் பேசவில்லை. பேசினால் யாரையாவது கடித்துவிடுவோம் என்று இருந்தது.

மாசி ஷிப்மென்ட் கழுத்தை நெரித்தது. அப்போதுதான் தனசேகருக்கு அந்த யோசனை வந்தது. அந்த ஊரில் அல்லாமல் வேறு எந்த ஊரிலும் அப்படி ஒரு யோசனை வராது, வந்தாலும் வெளியே சொல்லமாட்டார்கள். மாத்திரை பொம்பளைங்களுக்குக் கேக்குதுங்களே, மிஷினுக்குக் கேக்காதா என்றான். சென்னியப்பன் அவன் முதுகில் தட்டி, உனக்கும் மூளை இருக்குதுடா என்றார். டீக்கடையில் இஞ்சி நசுக்குகிற உரலை வாங்கி வந்து மஞ்சள் டப்பாவைக் கவிழ்த்து மாத்திரைகளை இடித்தார்கள், எண்ணெயில் கலக்கினார்கள், நாள் நெருங்குவதற்கு முன்னாலேயே பெண்கள் கையில் கொடுத்து மிஷினுக்கு மிஷின் ஊற்ற வைத்தார்கள். அந்த மாசம் ரத்தம் வரவில்லை. வரவேண்டிய நாள் வந்தது, போனது, மிஷின்கள் பாட்டுக்கு ஓடின. சென்னியப்பன் எல்லாருக்கும் பூந்தி கொடுத்தார். கொட்டகையில் வெங்காயம் போட்டு வைக்கலாமா என்று அமராவதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பூந்தி கையில் பிசுபிசுத்தது போவதற்குள் ஆரம்பித்துவிட்டது. மிஷின்கள் நடுங்கின. தையல் விட்டு விட்டு விழுந்தது. ஊசி சூடேறித் துணியைப் பொசுக்கியது. தெய்வானையின் மிஷின் பெடலை விட்ட பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கத் தெரியாமல் ஓடியது, ஓடி ஓடி அதன் அடிப்பலகையில் முடி மாதிரி ஒரு விரிசல் விழுந்தது. எதிரே மோகனாவின் மிஷினிலும் அதே இடத்தில் விரிசல். சென்னியப்பன் பதறிப்போய் டீலருக்குப் போன் போட்டார். தாய்மாமன் முறைக்காரர் வந்தார், அவரோடு வந்த ஆள் ஒரு மிஷினைப் பிரித்து எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தான். தேய்த்த விரலைத் தூக்கிக் காட்டி, எல்லார் முன்னாலும், எந்த மடையன் இதை ஊத்தினது என்று கத்தினான். இரும்பை அரிச்சிருக்குதுங்க, இன்னும் ரெண்டு தடவை ஊத்தியிருந்தா மிஷினைத் தூக்கிப் பழைய இரும்புக்குத்தான் போட்டிருக்கணும், இதைக் கொன்னுபோடலாம்னே முடிவு பண்ணீட்டீங்களா என்று கேட்டான்.

சென்னியப்பன் உண்மையாகவே வருத்தப்பட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வாயில்லா ஜீவனை என்ன பாடு படுத்தீட்டோம் என்றார். மிஷினுக்கு இனி அந்த மாத்திரை ஆகாது, சொட்டுக்கூட ஆகாது என்று உத்தரவு போட்டார். எண்ணெயெல்லாம் மாற்றினார்கள். மாற்றின கொஞ்ச நேரத்தில் அடைபட்டுக் கிடந்தது இரட்டிப்பாக வந்தது, தரையெல்லாம் சிவந்தது, ஆண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பெண்கள் மிஷின்களைத் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். இந்தத் தடவை மூணு நாள் இல்லை, நல்லாத் தெளியற வரைக்கும் இருக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க என்று சென்னியப்பனே வாசல் வரைக்கும் வந்து சொன்னார்.

மிஷின் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பிய மோகனா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தனசேகர் வந்தான். சட்டைப் பையில் கை விட்டான். அதே மஞ்சள் டப்பா. அடியில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்ததைத் தட்டி எடுத்து, இந்தா புள்ளை, போட்டுட்டு வந்து பிசிறு வெட்ட உட்காரு என்று நீட்டினான்.

தெய்வானை அவன் கையைப் பிடித்தாள். தட்டிவிடவில்லை, பிடித்தாள். பிடித்தபடியே அவனை இழுத்துக்கொண்டு, அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு போய், சென்னியப்பன் முன்னால் நிறுத்தி, அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இத்தனை வருஷமாக அவரோடு பேசும்போது சொல்லுக்குச் சொல் போட்ட 'ங்க' அவள் வாயில் அன்றைக்கு வரவில்லை.

"இரும்புக்கு ஆகாதுன்னு இப்பத்தான சொன்ன? இரும்பையே அரிக்கறதை என்ற புள்ளை வயித்துக்குக் குடுக்கறயா?"

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மிஷின் வேற, மனுசங்க வேற அம்மிணி என்றார். அதையேதான் நானும் கேக்கறேன் என்றாள் தெய்வானை. பிறகு திரும்பி, மோகனாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, நேராகக் கொட்டகைக்கு நடந்தாள். தனசேகர் பின்னாலேயே வந்தான், வாசற்படி வரைக்கும்தான் வந்தான். உள்ளே மிஷின்கள் சிவப்பில் நின்றன. அவன் கால் படியில் ஏறவில்லை. அதைத் தெய்வானை பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வயதுக்கு வந்த நாளிலிருந்து மாதாமாதம் அவளை மாட்டுக் கட்டுத்தரையின் மூலையில் உட்கார வைத்து, தட்டையும் டம்ளரையும் எட்ட இருந்து தள்ளிவிட்டார்களே, அந்தப் பிறந்த வீட்டை விட்டு வந்த அன்றைக்கு இனி இந்த மூலையில் உட்கார மாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்தாளே, அதே மூலையைத்தான் இப்போது அவள் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் வலிக்குப் பயப்படாதவர்கள் எங்கள் கறைக்குப் பயப்படுகிறார்கள் என்றால் அந்தப் பயத்தையாவது அனுபவிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். மிஷின்களை ஓரமாக நகர்த்தி, வேஸ்ட் துணியை மெத்தையாகப் பரப்பி, ஃபேனுக்கு நேர் கீழே மகளைப் படுக்க வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த ஜென்மத்தில் மிஷினாகப் பிறக்க ஆசைப்பட்ட பெண் வந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு வரிசை முழுக்க வந்தது, செக்கிங் பெண்கள் வந்தார்கள், கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. வந்தவர்கள் படுத்தார்கள். படுத்தவர்கள் தூங்கினார்கள். எத்தனையோ வருஷத்துத் தூக்கம், பாக்கி வைத்திருந்த தூக்கம், பஸ்ஸில் நின்றுகொண்டும் சோறு கிளறிக்கொண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடித் தூங்கின பெண்கள் அன்றைக்குக் கை காலை நீட்டித் தூங்கினார்கள். அவர்கள் விட்ட மூச்சில் ஜன்னல் கொசுவலை உள்ளே போய் வெளியே வந்தது. வீட்டுக்காரர்கள் வேலி ஓரம் தூக்குவாளியில் சோறு வைத்துவிட்டுப் போனார்கள். புருஷன்மார்கள் சிலர் திட்டிப் பார்த்தார்கள், சிலர் கெஞ்சிப் பார்த்தார்கள், ஒருத்தன் கதவு வரைக்கும் வந்து கதவைத் தொடாமலே திரும்பிப் போனான். பண்டாரத்தைக் கூப்பிட்டுப் பரிகாரம் கேட்டார்கள். தீட்டு உள்ளே இருக்கும்போது பரிகாரம் செல்லாது என்று அவர் தெரு முனையிலிருந்தே சொல்லிவிட்டார். முதல் நாள் போனது, இரண்டாம் நாள் போனது.

மூன்றாம் நாள் விடிந்து வெயில் ஏறியபோது மோகனா முனகிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். தெய்வானை பயந்துபோய் அவள் பக்கத்தில் போனாள். "அம்மா," என்றாள் மோகனா, "எனக்கு வந்திருச்சும்மா." தெய்வானை, பிளக்ஸ் வைத்தபோது வராத அழுகையும் டாக்டரம்மா திட்டியபோது வராத அழுகையும் சேர்த்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு நிமிர்ந்தால் மோகனாவின் மிஷின் காய்ந்திருந்தது. கண்ணாடிக்குள் நிறமில்லாத எண்ணெய் நின்றது. பக்கத்துப் பெண்ணுக்கு வந்தது, அவள் மிஷின் தெளிந்தது. ஒருத்தியைத் தொட்டு ஒருத்திக்கு, மத்தியானத்துக்குள் கொட்டகை முழுக்க வந்துவிட்டது. இத்தனை மாதம் யார் சுமையைச் சுமந்தனவோ அவர்களிடமே கொடுத்துவிட்டு மிஷின்கள் வெறும் இரும்பாக நின்றன.

அமராவதி எட்டிப் பார்த்து, மிஷினெல்லாம் தெளிஞ்சிருச்சுங் என்று கத்திக்கொண்டு ஓடினாள். சென்னியப்பன் வாசல் பிள்ளையாரைக் கும்பிட்டார். மிஷின்களை வெளியே கொடுத்துவிடச் சொன்னார். பெண்கள் மறுப்பே சொல்லாமல் ஒவ்வொன்றாகத் தூக்கி வாசலுக்கு வெளியே வெயிலில் இறக்கினார்கள். ஆண்கள் ஓடி வந்து மஞ்சள் தண்ணி தெளித்தார்கள், துடைத்தார்கள், விரிசலைத் தடவிப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் வரிசையில் பொருத்திவிட்டு, பெடல்களையெல்லாம் சரிபார்த்துவிட்டு, திரும்பிப் பார்த்தால் நாற்காலிகளில் யாரும் இல்லை. கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.

சென்னியப்பன் கதவுக்கு வெளியே வந்து நின்றார். ஏனம்மிணி, மிஷினுக்குத்தான் தீட்டுப் போயிருச்சே, இனியென்ன என்று கேட்டார்.

"அது எங்களுது," என்றாள் தெய்வானை உள்ளே இருந்து. "இப்ப எங்ககிட்ட வந்திருச்சு."

"எப்ப வருவீங்க?"

"ஓஞ்ச பொறகு."

ஷிப்மென்ட் என்றார். பையர் என்றார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கடைசியில் தனசேகரைப் பார்த்து, கதவை ஒடைடா என்றார். தனசேகர் கடப்பாரையைத் தேடிக்கொண்டு ஓடினான்.

"எதுக்கு ஒடைக்கறது?" என்றாள் தெய்வானை. "தாழ்ப்பாளே வெக்கலையே. தள்ளினா திறக்கும். வா உள்ள."

வெளியே செருப்புகள் மண்ணில் தேய்ந்துகொண்டு பின்னால் போகிற சத்தம் கேட்டது. மோகனா அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போனாள், அவள் முகத்தில் ரத்த ஓட்டம் வந்திருந்தது.

அதற்கப்புறம் மாதாமாதம் அந்த வரிசை நிற்கிறது. மிஷின்கள் தலையில் பாலிதீன் கவர் போட்டுக்கொண்டு காத்திருக்கின்றன. ஊருக்கு இதுவும் பழகிவிட்டது. முதலாளி மனசு இரங்கி ஓய்வு கொடுத்துட்டாரு என்று யாராவது தெய்வானையிடம் சொன்னால் அவள் விளக்குமாற்றைத் தேடுகிறாள். அந்தக் கதவுக்கு இன்றைக்கு வரைக்கும் தாழ்ப்பாள் வைக்கவில்லை.